“நாங்கள் வளர்த்த நாய்க்கெல்லாம் ஊசியா போட்டோம்?”

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. இரண்டு வாரத்துக்கு முன் என் மகன் ஆலைக்குப் பின்புறத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒன்றரை மாதக் குட்டி என்றார்கள். அடுத்த வாரமே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பூனைக்குட்டி அவன் காலைச் சுற்றி வந்தது. அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டது. நானும் கணவரும் இதுவரை எதையும் வளர்த்ததில்லை. “சோறும் குழம்பும் போடு, தானா வளரும். தோட்டத்தில் இருபது வருஷம் நாய் வைத்திருந்தோம், ஊசியா போட்டோம்?” என்கிறார் மாமியார். நாய்க்குட்டி உடம்பில் உண்ணி இருக்கிறது. லோரியில் வடித்த கருப்பு எண்ணெயைத் தடவச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். நான் 4 மாதக் கர்ப்பிணி. பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடு என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

(கடிதத்தின் அடியில் பென்சிலில் மகன் எழுதிய இன்னொரு வரி: “டாக்டர், குட்டி ராத்திரியில் அழுகிறது. என்ன செய்ய வேண்டும்?”)

பதில்:

அன்புச் சகோதரிக்கு, வணக்கம். தம்பியின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் மாமியாரின் கேள்வி. அதை அவர் மட்டும் கேட்கவில்லை. என் கிளினிக்கில் ஊசி என்று நான் வாய் திறந்ததும் பலர் முகத்தில் ஓடுவது அதே கேள்விதான்.

நானும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். எங்கள் லயத்தில் எப்போதும் ஏழெட்டு நாய்கள் திரியும். யாருடைய நாய் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் காலைப் பழைய சோறு, அடுத்த வீட்டில் மீன் தலை, கோயில் திருவிழா வந்தால் ஆட்டெலும்பு. அவை வளர்ந்தது உண்மைதான். ஆனால் ஒரு பெட்டை நாய் ஏழு குட்டி போட்டால், இரண்டு மாதம் கழித்து இரண்டுதான் லயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற ஐந்தை யாரும் கணக்கில் வைக்கவில்லை. “வயிற்றால் போய்ச் செத்துவிட்டது” என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தது நானும் என் அண்ணனும். மாமியாரிடம் மரியாதையாக இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: “நம் நாய் போட்ட குட்டிகளில் எத்தனை பிழைத்தன, அம்மா?” அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

லயத்து நாய் ஊருக்கே பொது. ஒன்று போனால் இன்னொன்று வரும். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே குட்டி. அதற்குப் பெயர் வைத்தாயிற்று, உங்கள் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். அதனால் கணக்கு மாறிவிடுகிறது.

அந்த லயத்துக் குட்டிகளைக் கொன்றது பெரும்பாலும் பார்வோ என்ற வைரஸாகத்தான் இருக்கும். 1978 வாக்கில் உலகம் முழுவதும் பரவிய நோய் அது. முதல் நாள் குட்டி சாப்பிடாது, மூலையில் சுருண்டு கிடக்கும். அடுத்து வாந்தி. பிறகு ரத்தம் கலந்த பேதி. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்; கிளினிக் கதவைத் திறந்து யாராவது குட்டியைக் கொண்டுவந்தால், மேசையில் வைக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அந்த வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து கையில் எளிதாகக் கிடைப்பதில்லை. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டி தானே போராடி மீளும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. பல நாள் ஆகும், பணமும் ஆகும், அப்படியும் சில குட்டிகள் போய்விடும். தடுப்பூசியின் விலை அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்று: பார்வோ மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருநாய்கள் நடமாடும் ஆலை வளாகத்திலிருந்து உங்கள் கணவரின் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். எனவே பூட்ஸ் கேட்டுக்கு வெளியிலேயே இருக்கட்டும். முன்வாசல் சிமெண்டைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின், ஒரு பங்கு குளோராக்ஸ் வெளுப்பானுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். சாதாரணத் தரைச் சோப்புக்கு அது சாகாது. காயும் வரை குட்டிகள் இரண்டும் உள்ளே இருக்கட்டும்.

உங்கள் குட்டிக்கு இப்போது எட்டு வாரம் ஆகிறது. முதல் ஊசிக்கு இதுவே நேரம். அதன் பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் நிறையும் வரை. “ஒன்று போட்டாயிற்றே, போதாதா?” என்று பலர் இரண்டாவதுக்கு வருவதில்லை. ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறோம் என்றால், தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசியையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. தீர்ந்த வாரத்தில் ஓர் ஊசி உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை. ஒரு வருடம் கழித்து மறுபடி ஒன்று. எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். கடைசி ஊசி முடியும்வரை குட்டியைத் திடலிலும் சாக்கடை ஓரத்திலும் இறக்கிவிடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். பூனைக்குட்டிக்கும் இதே கணக்குத்தான், ஊசி மட்டும் வேறு. வயிற்றுப் பூச்சி மருந்தும் இரண்டுக்கும் வேண்டும்: மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. வயிறு மட்டும் பலூன் மாதிரி உப்பி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு இருக்கும் குட்டியைப் பார்த்து “நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது” என்று சொல்வார்கள். அது சோறு இல்லை, புழு.

அடுத்து அந்தக் கருப்பு எண்ணெய். தயவுசெய்து வேண்டாம். அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், தோட்டத்தில் சொறி நாய்க்கெல்லாம் அதைத்தான் பூசினோம். ஆனால் என்ஜினில் ஓடித் தீய்ந்த எண்ணெயில் உலோகத் தூளும் நச்சும் இருக்கிறது. அது தோலைப் புண்ணாக்கும். குட்டி நக்கும்போது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். மண்ணெண்ணெயும் அப்படியே.

உண்ணியை இப்படிப் பாருங்கள். குட்டியை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, காது மடலின் உள்புறம், விரல் இடுக்கு, அக்குள், வால் அடி, இந்த நான்கு இடத்தையும் தடவுங்கள். பட்டாணி போல உருண்டையாக, சாம்பல் நிறத்தில் தட்டுப்படுவது ரத்தம் குடித்த பெண் உண்ணி. பிஞ்செட் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். அது தானாகக் கீழே விழுந்திருந்தால் சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டிருக்கும். அதனால் நாயை மட்டும் பார்த்தால் போதாது, கட்டிப்போடும் இடத்துச் சுவரையும் படுக்கும் சாக்கையும் பார்க்க வேண்டும். எட்டு வாரமும் இரண்டு கிலோவும் தாண்டிய குட்டிக்கு, மாதம் ஒன்று வாயில் கொடுக்கும் உண்ணி மாத்திரை இருக்கிறது. கிளினிக்கில் எடை போட்டுத் தருவோம்.

உண்ணிக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு கிருமிகள் அதன் வழியாக ரத்தத்துக்குள் போகும். நாய் சோர்ந்துபோகும், மூக்கில் ரத்தம் வரும். அதற்கு முன்பே உங்களால் கண்டுபிடிக்க முடியும். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு பழுத்த கொய்யாவின் உள்சதை போல இளஞ்சிவப்பாக இருக்கும். கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பிவிடும். சுண்ணாம்பு போல வெளுத்தே கிடந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். இதைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்கட்டும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

நாய்க்கு வாங்கும் உண்ணி மருந்தைப் பூனை மேல் ஒரு சொட்டும் விடாதீர்கள். கழுத்தில் ஊற்றும் நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கும். பூனை நடுங்கத் தொடங்கி, வலிப்பு வந்து, இறந்தும் போகும். அதேபோல எந்த வீட்டிலும் இருக்கும் பனடோல், அதாவது பாராசிட்டமால். பூனைக்குக் காய்ச்சல் என்று அரை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துவிட்டு, அது வாயால் மூச்சு வாங்கும்போது கைலியில் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறார்கள். பாராசிட்டமாலை உடைக்கும் வசதி பூனையின் ஈரலில் இல்லை, ஒரே மாத்திரை போதும் உயிர் போக. கோடாரித் தைலம், கற்பூர எண்ணெய் இவற்றையும் அதன் மேல் தேய்க்கக் கூடாது. பிள்ளைக்குச் சளி பிடித்தால் செய்வதையெல்லாம் குட்டிக்கும் செய்யத் தோன்றும், அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம்.

உங்கள் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் போட்டது உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் மரத்தடியில் எலி மருந்துக் கட்டி இருக்கும். சில தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பதைத் தம்பி பார்த்திருப்பான், எலி பிடிக்கத்தான் அது. ஆனால் மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தைக்கும் ஆபத்து, பூனைக்கும் ஆபத்து. நாய் கட்டியையே கடித்துத் தின்னும், அதன் மணம் அப்படி.

இந்த மருந்தின் கொடுமை, தின்ற அன்று எதுவும் தெரியாது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே-யை அது முடக்கிவிடும். மூன்று நான்கு நாள் நாய் ஓடும், விளையாடும். பிறகு திடீரென்று மூச்சு வாங்கும், ஈறு வெளுக்கும், மலம் தார் போலக் கறுக்கும். சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில், செம்பனைப் பழம் பொறுக்கும் சாக்கில் வைத்துத் தன் நாயைக் கொண்டுவந்தான். ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறேன், நிற்கவில்லை. பஞ்சு மாற்றி மாற்றி மேசை எல்லாம் சிவப்பு. அவன் சட்டைப் பையிலிருந்து கிழிந்த ஒரு மருந்து உறையை எடுத்தான், “இது படுக்கிற இடத்தில் கிடந்தது டாக்டர்” என்று. அந்த உறைதான் நாயைக் காப்பாற்றியது. வைட்டமின் கே1 தொடங்கினோம், நான்கு வாரம் விடாமல் கொடுத்தான், பிழைத்துக்கொண்டது. அதனால் நாய் எதையாவது தின்றதைப் பார்த்தால், நோய் வரட்டும் என்று காத்திருக்காமல் உறையோடு உடனே வாருங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்தால் வாந்தி எடுக்க வைத்தே முடித்துவிடலாம். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது தனி விஷம்.

சரி, சாப்பாடு. நாய்க்குச் சோறு கெடுதல் இல்லை, சோறு மட்டுமே கொடுப்பதுதான் கெடுதல். குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தைக் கெடுக்கும். சோறும் குழம்பும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் முன்னங்கால் வில்லாக வளையும். குட்டிகளுக்கென்று விற்கும் சாதாரண உலர்ந்த தீனியே போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. அதோடு கொஞ்சம் சோறு, மசாலா போடாமல் வேக வைத்த கோழியோ மீனோ முட்டையோ கலக்கலாம். ஒரு நாளைக்கு நான்கு வேளை, மூன்று மாதத்துக்கு மேல் மூன்று, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு. வெந்த கோழி எலும்பு வேண்டாம், ஊசி போலச் சிலும்பும். சாக்லேட் வேண்டாம், தம்பி குடித்து மிச்சம் வைக்கும் மைலோவும் வேண்டாம்.

பூனை கதை வேறு. அது மாமிசத்தில்தான் உயிர் வாழ முடியும். டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் கிடைக்கும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் போகும். சோற்றில் நெத்திலியைப் பிசைந்து கொடுத்தால் சோற்றை ஒதுக்கிவிட்டு நெத்திலியை மட்டும் தின்னும் பூனை சரியாகத்தான் செய்கிறது. பூனைக்கான தீனியை அடிப்படையாக வையுங்கள், மீன் மேலே கொஞ்சம். பாலைக் குறிப்பாகக் கெட்டிப் பாலைக் கொடுக்காதீர்கள், பேதிதான் ஆகும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள், கொசு முட்டையிடாமல் இருக்க. கொசு கடித்தால் நாய்க்கு இதயப் புழு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்; அதற்கும் மாதம் ஒரு மாத்திரை உண்டு.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பூனையை விட வேண்டியதில்லை. அவர்கள் சொல்வது டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றி. கர்ப்பக் காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் அது பூனையைத் தடவுவதால் வருவதில்லை. பச்சை இறைச்சியோ எலியோ தின்று புதிதாகத் தொற்றிய பூனை, சில வாரங்கள் மலத்தில் அதை வெளியேற்றும். அந்த மலமும் வெளியே வந்து குறைந்தது ஒரு நாள் ஆன பிறகே தொற்றும். ஆகவே பூனை மணலைத் தினமும் அள்ளிப் போட்டால் முக்கால்வாசிக் கவலை தீர்ந்தது. அந்த வேலை கணவருக்கு. நீங்கள் மணலைத் தொட வேண்டாம், செடிக்கு மண் கிளறினால் கையுறை போடுங்கள், இறைச்சியை நன்றாக வேக வையுங்கள், பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள், வெளியே வேட்டைக்கு விடாதீர்கள். கர்ப்பிணிப் பரிசோதனைக்குப் போகும்போது தாதியிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவையுங்கள்.

வெளியே விட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டுத் தெருப் பூனைகளிடம் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சைப் புண் இருக்கிறது. மூக்கு வீங்கி, தலையில் ஆறாத புண்ணோடு திரியும் பூனை பிறாண்டினால் நமக்கும் வரும். அப்படிப் பட்ட பூனையைத் தம்பி தொடக் கூடாது.

ஆறு மாதம் நெருங்கும்போது நாய்க்கும், அதற்கு முன்பே பூனைக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். பாசார் மாலாமில் உங்கள் மகன் காலைச் சுற்றிய குட்டி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? யாரோ “ஒரு தடவை போடட்டுமே” என்றார்கள், பிறகு பெட்டியில் வைத்து விட்டுவிட்டுப் போனார்கள். இதில் எனக்கு வருத்தம் நிறைய உண்டு, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாய்க்கு நகராண்மைக் கழகத்தில் லைசன்ஸ் எடுத்து, வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள். வில்லை இல்லாத நாய் பிடிபட்டால் மீட்பது சிரமம். கேட் மூடியே இருக்கட்டும். பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள். நாயின் எச்சிலோ ஈர மூக்கோ மேலே பட்டால் ஏழு முறை கழுவ வேண்டிய மதக் கடமை அவர்களுக்கு உண்டு. நாமே நாயை அவிழ்த்துவிட்டு, அதற்கு அவர்கள் கோபப்படுகிறார்கள் என்று பேசுவது நியாயம் இல்லை. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் நியாயம் இல்லை. மத்தியான வெயிலில் முன்வாசல் டைல்ஸில் உங்கள் உள்ளங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், தெரியும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி நிழலும் தண்ணீரும் சிகிச்சையும் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை.

வெறிநாய்க்கடி பற்றி: 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் அது பரவியது. ஊசி விஷயத்தை உங்கள் மருத்துவர் சொல்வார். எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்ட வேண்டாம்.

கிளினிக்குக்கு வரும்போது நாய்க்குட்டியைத் துண்டு விரித்த அட்டைப் பெட்டியிலும், பூனையை மூடியுள்ள கூடையிலும் தனித்தனியாகக் கொண்டுவாருங்கள். காலை மலத்தில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்து வாருங்கள், புழு பார்க்க. மாமியாரையும் அழைத்து வாருங்கள், அவரிடம் பேச எனக்கும் ஆசை.

தம்பி, இப்போது உன் கேள்வி. குட்டி அழுவது பசியால் இல்லை. உங்கள் வீட்டுக்கு வரும்வரை அது அம்மா வயிற்றை ஒட்டி, அண்ணன் தம்பிகளோடு ஒரே குவியலாகத் தூங்கியது. இப்போது இருட்டில் தனியாகக் கிடக்கிறது. ஒரு பெட்டியில் நீ போட்டுக் கழற்றிய பழைய சட்டையைத் துவைக்காமல் விரித்து, உன் பாய்க்குப் பக்கத்தில் வை. வெந்நீர்ப் போத்தலைத் தடித்த துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வை, சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் விடு. தூங்கப் போகும் முன்னும், நடுராத்திரி ஒரு தடவையும் முன்வாசலுக்குத் தூக்கிப்போய் ஒன்றுக்கு இருக்க வை, அம்மாவை எழுப்பாமல் அப்பாவை எழுப்பு. மறுபடி அழுதால் விளக்கைப் போடாதே, பேசாதே, பெட்டிக்குள் கையை மட்டும் விடு. அது உன் விரலில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கிவிடும். நான்கைந்து ராத்திரி இப்படிச் செய்ய வேண்டியிருக்கும்.